இருபது எண்ணும் நேரம்

"எண்ணுடா" என்பார் அப்பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணத் தொடங்குவேன். சாவியை ஹீட்டரில் திருப்பிப் பிடித்தபடி அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மார்கழியில், விடியற்காலை நாலரை மணிக்கு, போடிநாயக்கனூருக்குள் மலையிலிருந்து காற்று இறங்கும். ஜீப்பின் தார்ப்பாய் பனியில் நனைந்து விறைத்துக் கிடக்கும். இருபது வந்ததும் சாவியை மறுபக்கம் திருப்புவார். செல்ஃப் ஒரு முறை முனகும். முதலில் ஒரே ஒரு சிலிண்டர் அடிக்கும், அப்புறம் இரண்டு. வண்டி முழுக்கக் கிடுகிடுவென்று ஆடும். வெள்ளைப் புகை பின்பக்கமிருந்து தெருவுக்குள் உருண்டு போகும். பிறகு நாலும் ஒன்று சேர்ந்து சத்தம் சீராகிவிடும். அந்தச் சீர் வந்த பிறகுதான் அப்பா கீழே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காபி குடிக்க உள்ளே போவார்.

சித்திரையில் எட்டு எண்ணினால் போதும். ஐப்பசி அடைமழையில் பதினைந்து. ஏதாவது காரணத்தால் மலையிலேயே இராத் தங்கி, காலையில் அங்கே கிளப்ப வேண்டியிருந்தால் முப்பது. எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லை. காற்றின் குளிரைக் கன்னத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா சொல்லும் எண் அது.

கோயம்புத்தூருக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடியபடியே எண்ணிப் பார்க்கிறேன். இருபதுக்குப் பிறகு எதுவும் வருவதில்லை.

எங்கள் ஜீப் நீளப் பாடி வண்டி. அப்பா 1993-ல் அதைப் பழையதாக வாங்கினார். மஹிந்திரா. பானட்டுக்கு அடியில் பீஜோ இன்ஜின். எக்ஸ்.டி.பி. 4.90 என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் துளையும் 90 மில்லிமீட்டர். மொத்தம் 2,112 சி.சி., 62 குதிரைத்திறன். இன்று ஒரு சாதாரணச் சின்னக் காருக்கே இதைவிட அதிகக் குதிரைத்திறன் உண்டு. ஆனால் அந்த 62 குதிரைகளும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பதினான்கு பெண்களையும், அவர்களுடைய தூக்குவாளிகளையும், அரிசி மூட்டை ஒன்றையும், சில நாள் தோட்டத்துக்கான உர மூட்டைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறின. தினமும் ஏறின. மாலையில் அதே பெண்களோடு இறங்கின.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் என்று மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும். எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை என்று இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காடுகள். வேலை அங்கே, வீடு இங்கே. நடுவில் மலை. அந்த மலையைத் தினமும் இரண்டு தடவை கடக்க வைத்தது டீசல் ஜீப். பஸ் போகும் பாதையோடு அதன் வேலை முடியாது. தார்ச்சாலையை விட்டு இறங்கி, உருளைக்கல் பாவிய தோட்டப் பாதையில், ஓடைக்குள் இறங்கி ஏறி, ஸ்டோர் வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். அங்கேதான் ஃபோர் வீல் போடுவார் அப்பா. சின்ன நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்ததும் அடியில் எங்கோ 'டக்' என்று பல் விழும். பிறகு ஜீப் நடக்கும். ஓடாது, நடக்கும். ஒவ்வொரு கல்லையும் தடவித் தடவி ஏறும். ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும்.

அங்கே டீசல் இன்ஜினுக்கு நிகர் வேறில்லை என்பது என் எண்ணம். பெட்ரோல் இன்ஜினை உறுமவிட்டால்தான் பலம் வரும். டீசலுக்கு அடியாழத்திலேயே பலம் இருக்கிறது. நடக்கிற வேகத்தில் இன்ஜின் சுற்றும்போதே அது முழு மூச்சையும் தந்துவிடும். தீப்பொறி வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டாம். காற்றை ஒரு சிறு இடத்துக்குள் இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அந்த நெருக்கத்திலேயே காற்று கொதித்துப்போகும். அதற்குள் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய அதே விஷயம்தான். 1900-ஆம் வருஷப் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது என்பதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தபோது, செக்கு ஆட்டிய ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

பற்றவைக்க மின்சாரம் வேண்டாம் என்பதால் ஓடைத் தண்ணீர் அதை நிறுத்தாது. காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போகாதவரை ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி செத்தாலும் இறக்கத்தில் உருட்டிவிட்டுக் கிளப்பலாம். ஒரு தடவை கிளம்பிவிட்டால் பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் நிற்காது. சாவியை எடுத்தாலும் நிற்காது. இந்தக் கடைசி விஷயம்தான் என் சிறுவயதின் பெரிய சொத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலை ஏறுமுன் முந்தலில் ஒரு டீக்கடையில் எல்லா ஜீப்பும் நிற்கும். டிரைவர்களுக்குள் அங்கே ஓயாத ஒரு வழக்கு நடந்தது: எந்த இன்ஜின் நல்ல இன்ஜின்? கட்சி பிரிந்து பேசுவார்கள். இன்று யோசித்துப் பார்த்தால் இந்திய ஜீப்பின் சரித்திரம் முழுவதையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே நான் கேட்டிருக்கிறேன்.

வயசான டிரைவர் ஒருவர் பெட்ரோல் ஜீப் காலத்தவர். சுதந்திரத்தையொட்டிய வருஷங்களில் வில்லிஸ் ஜீப்பை உதிரியாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. பிற்பாடு அதில் ஹரிகேன் என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. "சத்தமே இருக்காதுப்பா, பூ மாதிரி ஓடும்" என்பார் அவர். "பூ மாதிரிதாண்ணே ஓடும், ஆனா யானை மாதிரியில்ல குடிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அன்றைக்கு டீசல், பெட்ரோல் விலையில் பாதியைச் சுற்றித்தான் இருந்தது. ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன் பெட்ரோல் வண்டி வைத்துக்கொள்ள முடியாது. ராணுவ ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப்புகளுக்குக்கூட இன்ஜினை மாற்றி டீசலைத்தான் வைத்தார்கள். ஜீப்புக்கு மட்டும் வந்த மாற்றமில்லை அது; மெட்டடார் வேனின் டீசல் இன்ஜின் போட்ட அம்பாசடர் கார்கள் அன்று ஊர் ஊருக்கு ஓடின.

அடுத்த கட்சி இன்டர்நேஷனல். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து 1960-களில் மஹிந்திரா டிராக்டர் செய்யத் தொடங்கியது. பி-275 என்ற அந்த டிராக்டரின் டீசல் இன்ஜினைத்தான் பிறகு ஜீப்புக்குள்ளும் இறக்கினார்கள். உழவுக்குப் பிறந்த இன்ஜின். அவசரமே படாது. மேட்டில் ஏறும்போது பக்கத்தில் நடந்து போகிறவனோடு பேசிக்கொண்டே போகலாம்.

மூன்றாவது எங்கள் பீஜோ. பிரான்ஸ் நாட்டு வடிவம், மஹாராஷ்டிரத்து இகத்புரியில் செய்தது. 1980-களில் ஜீப்பின் சுபாவத்தையே மாற்றியது இதுதான். டிராக்டர் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும், அடி மெத்தென்று விழும். நாலாவது டி.ஐ. 2,523 சி.சி.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பழைய டிராக்டரின் அதே நாலு அங்குலம். கமாண்டர், மார்ஷல், மேஜர் என்று வந்த வண்டிகளில் அது புகழ் பெற்றது.

பீஜோவா டி.ஐ.யா என்பதுதான் பெரிய சண்டை. பட்டறை வைத்திருந்த மாமா ஒருவர் ஒருநாள் இரண்டு ஹெட்டையும் கழற்றி வைத்து எனக்குக் காட்டினார். பீஜோவில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது. ஹெட்டுக்குள் குடைந்த சின்ன அறை ஒன்றுக்குள் முதலில் போய் அங்கே பற்றி, பிறகுதான் வெளியே பாயும். அதனால்தான் அடி மெத்தென்று இருக்கிறது. ஆனால் குளிர்ந்த காலையில் அந்த அறையின் சுவர் சூட்டையெல்லாம் குடித்துவிடும், டீசல் பற்றாது. அதற்குத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக், அதற்குத்தான் என் எண்ணிக்கை. டி.ஐ.யில் அறையே கிடையாது. நாசில் நேரே பிஸ்டன் தலையில் இருக்கும் குழியில் பீய்ச்சும். சூடு வீணாகாது, ஹீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம், டீசலும் குறைவாகக் குடிக்கும். பதிலுக்குச் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம் போடும்.

"அப்ப டி.ஐ.தானே மாமா நல்லது?" என்று கேட்டேன்.

"கைக்காசுக்கு டி.ஐ. நல்லது. காதுக்கு பீஜோ நல்லது. ஒங்கப்பன் காதுக்காரன்" என்றார்.

அது உண்மை. அப்பா காதால்தான் வண்டி ஓட்டினார். போடிமெட்டில் ஏழாவது வளைவுக்கும் எட்டாவது வளைவுக்கும் நடுவில் எந்த இடத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும் என்பதை இன்ஜின் குரல் கனப்பதை வைத்துச் சொல்வார். வேகமுள் எப்போதோ ஒடிந்து போயிருந்தது, அவர் அதைத் தேடியதே இல்லை. டேப்பட் இடைவெளி கூடிவிட்டால் "தையல் மிஷின் ஓடுது பாரு" என்பார். ஒரு நாசில் சொட்டத் தொடங்கினால் பத்துப் பேர் பேசிக்கொண்டு வரும் வண்டியிலும் அவருக்குத் தெரிந்துவிடும். "மூணாவது சரியில்லை" என்று முணுமுணுப்பார். அன்று சாயங்காலம் பட்டறையில் ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் மாமா ஓடும் இன்ஜினிலேயே தளர்த்திப் பார்ப்பார். ஒன்றைத் தளர்த்தினால் சத்தம் தடுமாறும், இரண்டைத் தளர்த்தினாலும் தடுமாறும். மூன்றைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இருக்காது. அதாவது மூன்று ஏற்கெனவே வேலை செய்யவில்லை. மாமா அப்பாவை நிமிர்ந்து பார்ப்பார். அப்பா அப்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மட்டும் அந்தக் காது உதவவில்லை. 1996, பள்ளி முழு ஆண்டு விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயசு, ஜீப்பில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். டீசல் முள்ளும் வேலை செய்யாது. டேங்கில் குச்சி விட்டு நனைந்த அளவைப் பார்ப்பதுதான் வழக்கம். முதல் நாள் சரிவில் நிறுத்திய வண்டியில் குச்சி விட்டதால் கணக்குத் தப்பிவிட்டது. போடிமெட்டு தாண்டி, தோண்டிமலைப் பக்கம் ஒரு வளைவில் இன்ஜின் இரண்டு தடவை விக்கி நின்றது. நின்ற பிறகு கேட்ட அமைதியை இன்றும் என்னால் நினைக்க முடிகிறது. மழைத்துளி தார்ப்பாயில் விழும் சத்தம், எங்கோ ஓடைச் சத்தம். பின்னால் ஒரு பெரியம்மா "ஏப்பா, என்னாச்சு?" என்றார்.

வழியில் வந்த இன்னொரு ஜீப்காரர் அஞ்சு லிட்டர் டீசல் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் டீசல் வண்டியில் டேங்க் காலியாகிவிட்டால், ஊற்றினால் மட்டும் போதாது. பைப்புக்குள் காற்று புகுந்திருக்கும். டீசலை நெருக்கித் தள்ள வேண்டிய பம்ப் காற்றைத்தான் நெருக்கிக்கொண்டிருக்கும். ஏர் லாக். அந்தக் காற்றை ஒவ்வொரு கண்ணியாக வெளியே விட வேண்டும்.

அப்பா பானட்டைத் தூக்கிக் கட்டினார். ஃபில்டர் தலையில் இருந்த சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தினார். கைப்பம்பைக் காட்டி "அடி" என்றார். நான் அடித்தேன். கட்டைவிரல் அளவுக் குமிழ் அது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஸ்க்ரூ ஓரத்தில் நுரை கொப்பளித்து வழியும். "நுரை நின்னு தெளிவா வந்தா சொல்லு." முகத்தை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் சோப்பு நுரைபோல் வெள்ளையாக. பிறகு பெரிய பெரிய முட்டைகளாக. அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. இருபதாவதோ முப்பதாவதோ அழுத்தத்தில், தேன் நிறத்தில், நூல்போல் ஒரே சீராக டீசல் வந்தது. மழையில் நனைந்த என் கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. "தெளிஞ்சிருச்சுப்பா" என்றேன். அப்பா ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு நாசில் பைப்புகளின் நட்டைத் தளர்த்தினார். ஒரு பெரியம்மாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அவருக்கு அதற்குமுன் அந்த இருக்கையில் உட்கார்ந்தே பழக்கமில்லை. சாவியை இரண்டு கையாலும் திருப்பினார். நாலு பைப் முனையிலும் டீசல் துப்பியது. ஒவ்வொன்றாக நட்டை இறுக்க இறுக்க ஒவ்வொரு சிலிண்டராக உயிர் பிடித்தது. பெண்கள் கைதட்டினார்கள். பெரியம்மா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் ஏங்குகிறேன் என்று நினைக்கிறேன். நின்றுபோன ஒன்றை அதில் பயணம் செய்தவர்களே சேர்ந்து கிளப்பினார்கள். ஸ்பேனரும், ஒரு பையனின் கட்டைவிரலும், தளர்த்தவும் இறுக்கவும் தெரிந்த ஒரு மனுஷனும் போதுமாக இருந்தது.

இப்போது அந்தக் கடைசி விஷயம். பழைய டீசல் ஜீப்பைச் சாவி நிறுத்தாது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்தால் கம்பி பம்பைப் பிடித்து டீசலை நிறுத்தும்; டீசல் நின்றால் இன்ஜின் நிற்கும். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் அப்பா ஹார்ன் அடிப்பார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் ஏறி அந்தக் குமிழை இழுப்பேன். கடைசி ஒரு குலுக்கல், வாகனமே தோளைச் சிலிர்த்துக்கொள்வதுபோல். பிறகு ரேடியேட்டருக்குள் தண்ணீர் கொதிக்கும் சின்னச் சத்தம் மட்டும். அப்பா ஒரு நாள்கூடத் தானே இழுத்து நிறுத்தியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் இழுக்க வைத்திருக்கிறார்.

அந்தப் புகை எனக்கு வேண்டாம். இதை நான் தெளிவாகவே சொல்ல வேண்டும். தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிய பின்பக்கத்தில் உட்கார்ந்து போன அந்தப் பெண்கள் ஏற்றம் முழுக்க அதைத்தான் சுவாசித்தார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். சாயங்காலம் இருமிக்கொண்டே இறங்குவார்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ல் உறுதியாகவே அறிவித்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்கு வேறு யார் ஞாபகமும் வரவில்லை, அந்தப் பின்பெஞ்சுதான் வந்தது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்து எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பம் அழுதிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் காதும் போய்விட்டது. காதால் வண்டி ஓட்டியவருக்கு அந்தச் சத்தத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்து காது மங்கிவிட்டது. இப்போது கத்திப் பேசினால்தான் கேட்கும்.

மாறியது நியாயம்தான். பாரத் ஸ்டேஜ் விதிகள் ஒவ்வொன்றாக இறுகின. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க நாலாவது கட்டம், 2020 ஏப்ரலில் ஐந்தைத் தாண்டி நேரே ஆறாவது. டீசலை முடிந்தவரை பொடியாக்கித் தூவ, பொதுக்குழாயில் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். எப்போது, எவ்வளவு, எத்தனை தவணையாகத் தூவுவது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கரியைப் பிடிக்கப் புகைக்குழாயில் வடிகட்டி வைத்தார்கள். அது நிறைந்தால் தன்னையே சூடாக்கி எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். மலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே பிழைக்கிற வண்டிக்கு அந்த வேகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. டீசல் விலைக் கட்டுப்பாடும் 2014 அக்டோபரில் போய்விட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிப்போக, சின்னக் கார்களில் டீசலே மறைந்துகொண்டு வருகிறது. மலை ஏறும் வண்டிகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது என்பதால்.

எங்கள் ஜீப்பை 2009-ல் விற்றோம். நெடுங்கண்டத்துப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நான் அப்போது கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போனில் அம்மா சொன்னார். "ஒங்கப்பா தெருமுனை வரைக்கும் பின்னாடியே போய்ட்டு வந்தார்டா." வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி இப்போது ஒரு மஹிந்திரா தார் வைத்திருக்கிறான். 2.2 லிட்டர் டீசல், 130 குதிரைத்திறன், எங்கள் ஜீப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நல்ல வண்டி. போன தை மாதம் கொழுக்குமலை பார்க்க வேண்டுமென்று அப்பா கேட்டார். தேனி மாவட்டத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம் அது; ஆனால் வண்டியில் போகக் கேரளத்துச் சூரியநெல்லி வழியைவிட்டால் வேறு பாதை இல்லை. உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்பார்கள். அப்பா மலையேறிய முப்பது வருஷத்தில் அங்கே மட்டும் போனதில்லை. சவாரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி ஒரு மணிக்குப் போடியில் கிளம்பினோம். தம்பி பட்டனை அழுத்தினான். அப்பா முன்னிருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுத்து, "கிளப்பலையாடா?" என்றார். வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதுப்பா" என்று தம்பி காதருகே சத்தமாகச் சொன்னான். அப்பா தலையாட்டினார். பதினேழு வளைவையும் தூங்குவதுபோல் ஏறிவிட்டது. புலியூத்து எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. முன்னெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே நின்றுதான் போவோம்.

சூரியநெல்லியில் வாடகை ஜீப்புகள் வரிசையாக நின்றிருந்தன. பழைய மஹிந்திராக்கள். தாரை அங்கே விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்தோம். நாலு மணிக் குளிரில் அதன் டிரைவர் ஏறி உட்கார்ந்தான். அப்பா அவன் பக்கத்தில், நான் அவர்களுக்குப் பின்னால். நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அப்பா கையை நீட்டி டேஷ்போர்டு தகரத்தில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"டி.ஐ.யாப்பா?"

"ஆமா தாத்தா" என்றான் அவன். "நீங்க டிரைவரா?"

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. "டிரைவர்தான்" என்று நான் சொன்னேன்.

கற்கள் உருளும் அந்தப் பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஃபோர் வீலில், முதல் கியரில், எங்கள் பழைய ஜீப் நடந்த நடை. அப்பா கையைத் தகரத்தைவிட்டு எடுக்கவே இல்லை. ஓர் ஏற்றத்தில் அவர் விரல்கள் லேசாக இறுகின. அடுத்த கணம் டிரைவர் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா அவனைப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே மேகம், மேகத்துக்கு அடியில் எங்கோ போடி. டிரைவர் டேஷ்போர்டுக்கு அடியில் கையைக் கொண்டுபோனான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருப்பா. அவன் இழுப்பான்."

பின்னாலிருந்து எழுந்து, இருவருக்கும் நடுவில் குனிந்து, கையை நீட்டிக் குமிழைத் தேடினேன். அதே இடத்தில் இருந்தது. இழுத்தேன். ஜீப் ஒரு முறை சிலிர்த்து நின்றது. அப்பாவின் உள்ளங்கை இன்னும் தகரத்தின் மேலேயே இருந்தது.